பழைய பிக்கப்பை நம்பிக் கிளம்பிய இரவு

எங்கள் வீட்டு பிக்கப் 1990களில் வந்த டீசல் வண்டி. ஒற்றை கேபின், டர்போ கிடையாது, பின்னால் பட்டை ஸ்பிரிங், அதற்கு மேல் ஓரமெல்லாம் துரு கடித்த இரும்புத் தொட்டி. மாமா பல வருஷம் ஓட்டியது. அவருக்குக் கண் பார்வை மங்கிய பிறகு என்னிடம் வந்தது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போன இரவில் நானும் தம்பியும் இதில்தான் 600 கிலோமீட்டருக்கு மேல் போனோம். “இதை எடுத்துக்கிட்டா அவ்வளவு தூரம் போனீங்க?” என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள், அதனால் பதிலையும் அக்கறையோடு எழுத வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பழைய வண்டி ஒன்று மட்டும் வாசலில் நிற்க, தூரத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வரும் இரவு யாருக்கும் வரலாம்.

அக்கா அழைத்தபோது அம்மாவை ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது பெரிய வித்தியாசம். நோயாளி உங்களோடு இருந்தால் முதலில் கூப்பிட வேண்டியது ஆம்புலன்ஸைத்தான். ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாத வண்டி எவ்வளவு வேகமாகப் போனாலும் அதற்கு ஈடாகாது. எங்கள் நிலைமை வேறு. அம்மா பத்திரமான கைகளில் இருந்தார், நாங்கள்தான் அவர் பக்கத்தில் இல்லை. மறுநாள் காலை கிளம்பும் பஸ்ஸைப் பிடித்தால் போய்ச் சேர இரவாகிவிடும். டாக்டர் சொன்ன வார்த்தைகளை அக்கா அப்படியே ஒப்பித்தபோது, இரவு வரை காத்திருக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

பிக்கப் என்றாலே உழைக்கிற வண்டி, எதையும் தாங்கும் என்று ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் சும்மா வந்ததில்லை. ஃபோர்ட் நிறுவனம் 1925இல் மாடல் டி காரின் பின்பக்கத்தில் தொட்டி வைத்து, தொழிற்சாலையிலிருந்தே பிக்கப்பாக விற்கத் தொடங்கியது. டொயோட்டாவின் ஹைலக்ஸ் 1968இல் வந்தது. 1987இல் சாட் நாட்டுக்கும் லிபியாவுக்கும் நடந்த சண்டையின் கடைசிக் கட்டத்துக்கு ‘டொயோட்டா போர்’ என்றே பேர் வந்துவிட்டது, சாட் படையினர் பாலைவனத்தில் பிக்கப்களில் பாய்ந்து பாய்ந்து போனதால். ஏணி மாதிரி இரண்டு நீளச் சட்டங்களை வைத்து, அதன்மேல் உடம்பைத் தனியாக உட்காரவைத்த அமைப்பு. அதனால்தான் இந்த வண்டிகள் மேடு பள்ளத்தை இவ்வளவு தாங்குகின்றன.

ஆனால் அந்தப் பேர் மாடலுக்குச் சொந்தம், வாசலில் நிற்கும் வண்டிக்குச் சொந்தமில்லை. அதே மாடலில் அதே வருஷத்தில் வந்த இரண்டு வண்டிகளில் ஒன்று நாளைக்கே கண்டம் தாண்டும், இன்னொன்று முதல் மேட்டில் ஆவி கக்கி நிற்கும். எங்கள் வண்டியில் எது பழையது, எது புதியது என்று எனக்குத் தெரியும். ரேடியேட்டர் எப்போது கழற்றிச் சுத்தம் செய்தது, வாட்டர் பம்ப் எப்போது மாற்றியது, எந்த ஹோஸ் இன்னும் மாற்றவில்லை என்பதெல்லாம் மாமா வைத்திருந்த நோட்டில் இருந்தன. அவருக்குப் பிறகு நானும் அதே நோட்டில் எழுதி வருகிறேன். அந்த நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு நான் கிளம்பியிருக்க மாட்டேன்.

பழைய வண்டி என்றால் எல்லோரும் எஞ்சினைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ஒழுங்காக ஆயில் மாற்றி வந்த பழைய டீசல் எஞ்சின் நடுவழியில் திடீரென்று உயிரை விடுவது அபூர்வம். புகை கூடும், ஆயில் குடிக்கும், இழுவை குறையும், ஆனால் ஓடும். வண்டியை நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் எஞ்சினைச் சுற்றியிருக்கிற சின்னச் சாமான்கள். ரப்பர் ஹோஸ், பெல்ட், பேட்டரி டெர்மினல், ரேடியேட்டர் மூடி, டயர். ரப்பருக்கு ஓடிய தூரம் மட்டும் கணக்கில்லை, வயசும் கணக்கு. வண்டி நிழலில் சும்மா நின்றாலும் ரப்பர் காய்ந்து வெடிப்பு விடும். “எப்பவாச்சும்தான் எடுப்பேன், அதனால நல்லா இருக்கு” என்று யாராவது சொன்னால் எனக்குச் சற்றுப் பயமாகத்தான் இருக்கும்.

டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். 3519 என்றிருந்தால் 2019ஆம் வருஷத்தின் 35ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் டயரை ஓட்டாதீர்கள் என்று பல டயர் கம்பெனிகளே சொல்கின்றன. பிக்கப்பில் இதைவிட மோசமாக மறந்துபோவது ஸ்டெப்னி. தொட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். சேறும் தண்ணீரும் அடித்து அடித்து அந்த இறக்கும் சங்கிலி துருவில் இறுகிப்போயிருக்கும். பஞ்சராகி, இருட்டில், மழையில் அடியில் படுத்துக்கொண்டு அதை அசைக்க முடியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஸ்டெப்னியைத் தரைவரை இறக்கி, சங்கிலிக்கு கிரீஸ் போட்டு, காற்று பார்த்து மேலே ஏற்றுவது என் வழக்கம். பத்து நிமிஷ வேலை.

அக்காவின் அழைப்புக்குப் பிறகு அரை மணி நேரம் வண்டியைப் பார்ப்பதிலேயே போனது. தம்பிக்குப் பொறுக்கவில்லை. “அண்ணா, போற வழியில பார்த்துக்கலாம்ணா” என்று இரண்டு மூன்று முறை சொன்னான். அவன் மனசு எனக்குப் புரிந்தது. என் மனசும் அங்கேதான் இருந்தது. ஆனால் எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டியவை இருக்கின்றன, ஓடிய பிறகு அவற்றைப் பார்க்க முடியாது. ஆறிய எஞ்சினில்தான் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பார்க்கலாம். சூடாக இருக்கும்போது திறந்தால் உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். டயர் காற்றும் அப்படித்தான், ஓடிய டயர் சூடாகி அழுத்தம் கூடிக் காட்டும்.

மாமாதான் எனக்கு ஹோஸ் பார்க்கக் கற்றுத்தந்தார். “கண்ணால பாக்காத, அமுக்கிப் பாருடா” என்பார். நல்ல ஹோஸ் அமுக்கினால் அமுங்கித் திரும்பும். உள்ளே கெட்டுப்போனது ஒன்று களிமண் போல் கொழகொழ என்றிருக்கும், அல்லது கல் மாதிரி விறைத்து, அமுக்கும்போது மெல்ல நொறுங்கும் சத்தம் கேட்கும். கிளிப் போட்டிருக்கும் இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம். ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் முக்கியம். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியில் கொதிக்காமல் இருக்கிறது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், மூடி ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கினால், 125 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடி தளர்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், சூட்டு மீட்டர் சரியாகக் காட்டும்போதே தண்ணீர் கொதித்து வெளியேறும். மலிவான சாமான், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டையே காப்பாற்றும்.

பேட்டரியை ஒரு சின்ன மீட்டரால் பார்த்தேன். எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வந்தால் டைனமோ வேலை செய்கிறது. டெர்மினலில் பூத்திருந்த பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, இறுக்கினேன். பிரேக் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு முப்பது வரை எண்ணினேன், கீழே இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிப் பார்த்தேன். பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியிருந்தாலோ, டயரின் பக்கவாட்டில் வெடிப்போ வீக்கமோ இருந்தாலோ, வேறு யாரிடமாவது கெஞ்சி ஒரு வண்டி வாங்கியிருப்பேன். மற்றதெல்லாம் பேரம் பேசலாம். இவை மூன்றும் — பிரேக், ஸ்டியரிங், டயர் — பேரத்துக்கு அப்பாற்பட்டவை, ஏனென்றால் இவற்றில் கோளாறு வந்தால் வண்டி நிற்பதில்லை, நிற்காமல் போவதுதான் பிரச்சினை.

டீசல் டேங்க்கை நிரப்பிக்கொண்டோம். பழைய டீசல் வண்டியில் எண்ணெய் தீரவிடக் கூடாது என்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் தீர்ந்தால் ஊற்றி ஸ்டார்ட் செய்துவிடலாம். டீசலில் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் ஃபில்டர் மேலுள்ள கைப்பம்ப்பை அமுக்கி அமுக்கி, நட்டைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இருட்டில், ரோட்டோரத்தில் அது பெரிய சோதனை. பாதி டேங்க் குறைந்ததும் நிரப்புவது என்று வைத்துக்கொண்டோம். கூடவே ஃபில்டரின் அடியிலிருக்கும் திருகைத் தளர்த்தி, தங்கியிருந்த தண்ணீரைக் கொஞ்சம் வடித்துவிட்டேன்.

இனி வேகம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவசரத்துக்குக் கிளம்பியவரை வண்டி கைவிடுவதைவிட, வண்டியை அவர் கைவிடுவதுதான் அதிகம் நடக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆக்சிலேட்டரை அமுக்கினால் அம்மா பக்கத்தில் வந்துவிடுவார் என்று காலுக்குத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 கிலோமீட்டரை 70இல் போனால் எட்டரை மணி நேரம், 80இல் போனால் ஏழரை மணி நேரம். நிஜத்தில் ஊர் வரும், திருப்பம் வரும், லாரி வரும், அதனால் இந்த ஒரு மணி நேர வித்தியாசமும் முழுசாகக் கிடைக்காது. மறுபக்கம், 70இலிருந்து 90க்குப் போனால் நிறுத்துவதற்கு பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது, ஏனென்றால் அது வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு போக எஞ்சின் தர வேண்டிய சக்தி மும்மடியாகக் கூடுகிறது, அதாவது இரண்டு மடங்குக்கு மேல். சதுரமான முகமும் பின்னால் திறந்த தொட்டியும் உள்ள பிக்கப்புக்கு இது நன்றாகவே தெரியும். அந்தக் கூடுதல் சக்திக்காக எஞ்சின் எரிக்கும் டீசலின் சூட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குத்தான் வரும். வாரம் முழுவதும் 50இல் ஓடிப் பழகிய வண்டியைத் திடீரென்று இரவெல்லாம் 90இல் ஓட்டினால், அது இதுவரை காட்டாத பலவீனம் அன்றைக்குத்தான் வெளியே வரும். தம்பியிடம் முன்பே சொல்லிவிட்டேன், 70தான், யார் ஓட்டினாலும் 70தான். மேட்டில் இழுக்கத் திணறினால் கியரைக் குறைப்பது, மிதிப்பதில்லை.

நள்ளிரவு தாண்டி, நீளமான ஏற்றம் ஒன்றில் அது நடந்தது. மழை பிடித்திருந்தது. தம்பிதான் முதலில் பார்த்தான். “அண்ணா, பேட்டரி லைட் எரியுது, மீட்டரப் பாரு.” சூட்டு மீட்டர் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. பேட்டரி விளக்கு தனியாக எரிந்தால் டைனமோவாக இருக்கலாம். சூடு தனியாக ஏறினால் தண்ணீர், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் என்று யோசிக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் முதலில் நினைக்க வேண்டியது பெல்ட். இந்த மாதிரிப் பழைய எஞ்சின்களில் ஒரே பெல்ட்தான் டைனமோவையும் வாட்டர் பம்ப்பையும் ஃபேனையும் சுற்றுகிறது. அது போனால் கரண்ட்டும் இல்லை, தண்ணீர் ஓட்டமும் இல்லை.

டைனமோ மட்டும் செத்திருந்தால் நான் நின்றிருக்க மாட்டேன். மெக்கானிக்கல் பம்ப் உள்ள டீசல் எஞ்சினுக்கு ஓட மின்சாரம் அனேகமாகத் தேவையில்லை, எண்ணெயைத் திறந்து வைத்திருக்கும் சின்ன சோலினாய்டுக்கு மட்டும் போதும். பகலாக இருந்தால் பேட்டரியிலேயே நாள் முழுக்கப் போய்விடலாம். இரவில் இரண்டு ஹெட்லைட் மட்டுமே 9 ஆம்பியர் பக்கம் இழுக்கும், வைப்பர் வேறு, இருந்தாலும் அடுத்த ஊர் வரை தாங்கும். ஆனால் தண்ணீர் ஓடாமல் டீசல் எஞ்சினைச் சில கிலோமீட்டர் ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். அதற்கப்புறம் வண்டியும் இல்லை, அந்த இரவும் இல்லை. உடனே ஓரம் கட்டினோம். ஹசார்டு விளக்கு போட்டு, முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வைத்தான் தம்பி. நல்லவேளை, சாலை அங்கே அகலமாக இருந்தது.

பானெட்டைத் திறந்ததும் தெரிந்தது. பெல்ட் நார் நாராகக் கிழிந்து ஃபேனுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. சீட்டுக்குப் பின்னால் மாற்று பெல்ட் ஒன்று எப்போதும் இருக்கும், மாமா காலத்திலிருந்தே. உண்மையில் அது புதியதில்லை. பெல்ட் மாற்றும்போது கழற்றிய பழையதில் நன்றாக இருப்பதைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்வது அவர் பழக்கம். ஏற்கெனவே இந்த வண்டியில் ஓடியதால் அளவு சரியா என்ற சந்தேகமே வராது என்பார். அந்த இரவில் அதன் அருமை தெரிந்தது. கடைக்காரர் தவறிப்போய்க் கொடுத்த வேறு அளவு பெல்ட் ஒன்று கையில் இருந்திருந்தால் அதை வைத்து என்ன செய்ய முடியும்?

எஞ்சின் ஆறக் காத்திருந்தோம். சும்மா நிற்பதுதான் அந்தப் பயணத்திலேயே கஷ்டமான பகுதி. அப்புறம் டைனமோவின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, அதை எஞ்சின் பக்கம் தள்ளி, பெல்ட்டை மூன்று புல்லியிலும் ஏற்றி, வீல் ஸ்பேனரை நெம்புகோலாக வைத்து டைனமோவை வெளியே இழுத்துப் பிடிக்க, தம்பி போல்ட்டை இறுக்கினான். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்க வேண்டும். தளர்வாக இருந்தால் வழுக்கும், முறுக்காக இருந்தால் வாட்டர் பம்ப் பேரிங்கைத் தின்னும். அவன் கையில் செல்போன் விளக்கு, என் முதுகில் மழை. இரண்டு ஸ்பேனர்தான் தேவைப்பட்டது. ஸ்டார்ட் செய்ததும் பேட்டரி விளக்கு அணைந்தது. ரேடியேட்டரில் குறைந்திருந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு, மீட்டர் முள் தன் இடத்துக்கு வந்து நிற்கும்வரை சும்மா ஓடவிட்டுக் கிளம்பினோம். மிச்ச ஏற்றத்தில் கேபின் ஹீட்டரையும் முழுசாகத் திறந்துவைத்தேன். அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் வேர்த்துக்கொட்டும்.

புதிய கார் ஒன்றிலும் பெல்ட் அறுந்திருக்கலாம். ஆனால் அதை ரோட்டோரத்தில் இரண்டு ஸ்பேனரால் மாட்டியிருக்க முடியாது. பழைய பிக்கப்பின் பானெட்டைத் திறந்தால் கை போக இடம் இருக்கிறது, எதை எது சுற்றுகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. அதே சமயம் புதிய வண்டியில் இருப்பது இதில் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏபிஎஸ் இல்லை, ஏர்பேக் இல்லை. மோதினால் காப்பாற்றும் என்று நம்ப எதுவுமில்லாத வண்டியில் மோதாமல் இருப்பதுதான் ஒரே வழி. காலித் தொட்டியோடு மழையில் போகும் பிக்கப் இன்னும் மோசம். பாரம் எல்லாம் முன்னால், பின்சக்கரங்கள் லேசாக மிதந்துகொண்டிருக்கும், சட்டென்று பிரேக் அடித்தால் பின்பக்கம் பக்கவாட்டில் ஓடும். அதனால்தான் கிளம்பும்போதே மணல் மூட்டைகள் சிலவற்றைப் பின் அச்சுக்குச் சற்று முன்னால் வைத்து, அசையாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம்.

ஏற்றம் முடிந்து இறக்கம். ஏறிய கியரிலேயே இறங்கினேன், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு 140க்கே கொதித்துவிடலாம். நீள இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும், பெடல் தரைக்குப் போய்விடும். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். பழைய வண்டிக்காரர்கள் பலரும் மட்டம் குறைந்தால் மேலே ஊற்றுவதோடு விட்டுவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது தூக்கம். 1997இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போல் ஆகிறது என்று காட்டியது. 24 மணி நேரமானால் 0.10 சதவீதம். நாங்கள் இருவரும் காலையில் எழுந்து வேலைக்குப் போய்வந்து, இரவில் கிளம்பியவர்கள். நள்ளிரவுக்கே அந்தப் பதினேழு மணி நேரம் நெருங்கிவிட்டது. மனசில் இவ்வளவு பாரம் இருக்கும்போது தூக்கம் வராது என்று நினைப்போம். வரும். பதற்றம் தணிகிற நேரத்தில், விடியலுக்கு முன்னால், சொல்லாமல் வரும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் சொருகினால் வண்டி ஏறத்தாழ 90 மீட்டர் ஓட்டுநர் இல்லாமல் போயிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறினோம். விடியற்காலையில் ஒரு பெட்ரோல் பங்கில் வெளிச்சமான இடத்தில் நிறுத்திவிட்டு, இருபது நிமிஷம் அலாரம் வைத்து இருவருமே தூங்கினோம். அந்த இருபது நிமிஷத்தை இப்போதும் யாராவது குறை சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நிறுத்திய இடங்களிலெல்லாம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் கொண்டுபோவேன், தொடுவதில்லை. நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அங்கே பேரிங் போகிறது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் மூக்கு. லேசான இனிப்பு வாசம் வந்தால் கூலன்ட் கசிகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்றால் பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிறது. காகிதம் கருகும் வாசம் கிளட்ச். பழைய வண்டி எதையும் திடீரென்று செய்வது குறைவு, ஏதாவது ஒரு விதத்தில் முன்கூட்டியே சொல்லிவிடும். இந்த வண்டியின் சாதாரணச் சத்தம் எனக்குப் பழக்கம் என்பதால் சாதாரணமில்லாத சத்தம் காதில் விழும். ரேடியோவை இரவு முழுவதும் போடவே இல்லை.

வெயில் ஏறும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அம்மா கண் விழித்திருந்தார். என் சட்டையில் இருந்த கிரீஸைப் பார்த்து, “என்னடா இது, கீழ விழுந்தியா?” என்றுதான் முதலில் கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றையும் எழுத வேண்டும், ஏனென்றால் பிக்கப் வைத்திருக்கும் எந்தக் குடும்பத்திலும் இந்தப் பேச்சு வரும். அம்மாவை எங்களோடு அழைத்துவருவது என்று முடிவானபோது, பின்னால் மெத்தை போட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, படுக்கவைத்தே கொண்டுபோகலாமே என்று உறவினர் ஒருவர் சொன்னார். அன்பில் சொன்னதுதான். நான் முடியாது என்றேன். தொட்டியில் படுப்பவருக்கு சீட் பெல்ட் இல்லை, ஒரு திடீர் பிரேக்கே போதும். அதைவிட மறைவான ஆபத்து சைலன்சர் புகை. ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு வெற்றிடம் உண்டாகி, புகையைத் திருப்பித் தொட்டிக்குள் இழுக்கும். மூடி கட்டியிருந்தால் அது உள்ளேயே தங்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். பிக்கப்பின் பின்னால் பயணம் செய்த குழந்தைகள் இந்த வாயுவால் நச்சுக்கு ஆளானதைப் பற்றி 1992இலேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வந்திருக்கிறது. டீசல் புகையில் இந்த வாயு பெட்ரோலைவிடக் குறைவுதான். ஆனாலும் இதயமும் நுரையீரலும் ஏற்கெனவே களைத்திருக்கும் ஒருவரை அதற்குள் மணிக்கணக்காகப் படுக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை. அக்கா ஏற்பாடு செய்த காரில் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து அம்மா வந்தார். நானும் தம்பியும் அவருடைய சாமான்களோடு பிக்கப்பில் பின்னாலேயே வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டேன். பெல்ட் ஏன் அறுந்தது என்று தெரிய வேண்டியிருந்தது. புதிய பெல்ட் மட்டும் மாட்டிவிட்டால் அதுவும் அறுந்திருக்கும். டைனமோ புல்லியின் விளிம்பு தேய்ந்து கூராகி, பெல்ட்டின் ஓரத்தைச் சுற்றுக்குச் சுற்று அறுத்துவந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, பெல்ட்டைக் கழற்றி விரலால் தடவினால்தான் தெரியும். புல்லியை மாற்றியாகிவிட்டது, ஹோஸ்கள் எல்லாவற்றையும் கூடவே மாற்றி, தேதியோடு நோட்டில் எழுதியாகிவிட்டது. மெக்கானிக் பார்த்தபோது முன்பக்க இடது வீல் பேரிங்கில் லேசான சத்தம் இருப்பதாகச் சொன்னார். அது மட்டும் பாக்கி இருக்கிறது, மழைக்காலம் தொடங்குவதற்குள் பார்த்துவிட வேண்டும்.